ஆமாப் போட ஆள் இல்லாமல் இந்தப் படங்களைப் பார்க்காதீர்கள்

எங்கள் தக்கலைப் பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் தானாகவே வந்திருக்கும். மாடு திருட வந்த கூட்டத்தைக் கதை நாயகன் முத்துப்பட்டன் ஒற்றை ஆளாக நின்று வெட்டிச் சாய்க்கும்போது, "ஒருத்தன் எப்படி அத்தனை பேரை?" என்று யாரும் கேட்பதில்லை. பாடும் புலவர் வீசுகோலை வில்லில் ஓங்கி அடித்து ஒரு வரி சொல்கிறார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்கிறார். கதை இன்னும் ஒரு படி ஏறுகிறது.

வேண்டுமென்றே அளவு மீறி எடுக்கப்படும் அடிதடிப் படங்களும் அந்த ஆமாவை நம்பித்தான் ஓடுகின்றன. எனக்கு அவை உயிர். புதிதாகப் பார்க்க வருபவர்கள் பத்தே நிமிடத்தில் எழுந்து போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் படத்தில் குறை இருக்காது, பார்க்கும் முறையில்தான் இருக்கும்.

லாஜிக் தேடுவது எல்லோரும் செய்வது. ராபர்ட் ரோட்ரிகஸின் 'பிளானட் டெரர்' படத்தில் காலை இழந்த நாயகிக்கு அந்த இடத்தில் ஒரு இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்திவிடுகிறார்கள். விசையை அவள் எதால் இழுக்கிறாள் என்று படம் சொல்வதே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவள் எழுந்து நிற்கும் அந்த அழகான நிமிடம் கைநழுவிப் போய்விடும்.

அடுத்த தவறு கொஞ்சம் நுணுக்கமானது. தெரியாமல் சொதப்பிய படத்தையும் தெரிந்தே கோணலாக எடுத்த படத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய நடிகர்களும் பணமும் இல்லாத சிறு கம்பெனிகள் ரத்தம், கவர்ச்சி, பரபரப்பு இவற்றை மட்டும் வைத்துப் படம் விற்றன. 1950களில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் முதலில் தலைப்பையும் போஸ்டரையும் தயார் செய்துவிட்டு, கதையை அப்புறம் யோசித்த கம்பெனி. அந்த வகைப் படங்களின் பிரதிகள் ஊர் ஊராக ஓடித் தேய்ந்து போயின. டூரிங் டாக்கீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, கோடு கோடாக மழை பெய்யும் படத்தைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2007இல் இயக்குநர்கள் டாரன்டினோவும் ரோட்ரிகஸும் அந்தப் பழைய படங்களைப் போலவே 'கிரைண்ட்ஹவுஸ்' எடுத்தபோது ('பிளானட் டெரர்' அதன் ஒரு பாதி) அந்தக் கீறல்களைத் தாங்களே சேர்த்தார்கள், நடுவில் ஒரு ரீல் தொலைந்துபோனதாகவும் காட்டினார்கள். எடுக்கவே படாத ஒரு படத்துக்குப் பொய் டிரெய்லரும் அதில் வந்தது. அதுவே 2010இல் 'மசெட்டி' என்று நிஜப் படமாகிவிட்டது.

ஆனால் நம் ஊரில் இயக்குநர் கர்ணன் 1972இல் ஜெய்சங்கரை வைத்து எடுத்த 'கங்கா' அப்படி இல்லை. குதிரையும் துப்பாக்கியுமாக வந்த அந்தப் படம் யாரையும் பகடி செய்ய வரவில்லை. அதை ஸ்பூஃப் என்று நினைத்துச் சிரிப்பது, உழைத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இதெல்லாவற்றையும் விட மோசமானது, மட்டம் தட்டுவதற்காகவே பார்க்க உட்காருவது. 'மசெட்டி'யில் நாயகனாக வரும் டேனி ட்ரெஹோவின் முகத்தைக் கவனியுங்கள். சுற்றிலும் எவ்வளவு கூத்து நடந்தாலும் அந்த முகம் இறுக்கம் தளர்வதில்லை. "நானும் இதை நம்பவில்லை" என்று நடிகர் நம்மைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டால் படம் அங்கேயே செத்துவிடும். சுடலைமாடன் கதையைப் பாடும் புலவரே நடுவில் சிரித்துவிட்டால் கொடையில் அருள் வருமா? எடுப்பவர் முழு மனதோடு எடுக்கும்போது பார்ப்பவரும் முழு மனதோடு உட்கார வேண்டும். வாய்விட்டுச் சிரிக்கலாம், அதற்குத்தானே எடுத்திருக்கிறார்கள். படத்தோடு சேர்ந்து சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தனியாக ஃபோனில் பார்ப்பதையும் தவிருங்கள். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் இப்படி ஒரு படத்தை ஹெட்ஃபோனில் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. அதே படத்தைப் பிறகு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரில் போட்டோம். அவித்த மரச்சீனிக்கிழங்குத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. சண்டை முற்றியதும் சித்தப்பா எழுந்து நின்று, "விடாத மக்கா, அடி அவன!" என்று கத்தினார். அவருக்கு ஆங்கிலம் வராது, சப்டைட்டிலும் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் படம் புரிந்தது.

ஆனால் கூட்டம் சேர்க்கும்போது குழந்தைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலானவை பெரியவர்களுக்கான படங்கள். தணிக்கைச் சான்றைப் பார்க்காமல் போட்டுவிட்டு ரிமோட்டைத் தேடி ஓடுவது தேவையில்லாத சங்கடம். இன்னொன்று, பழைய படங்கள் பல பெண்களின் உடம்பையும் அவர்கள் படும் கொடுமையையும் காட்டியே காசு பார்த்தவை. "சும்மா கூத்துதானே" என்று அதையும் சேர்த்து மன்னிக்க என்னால் முடியாது. அப்படிப்பட்ட காட்சி வந்தால் நிறுத்திவிடுவேன்.

முதல் நாளே இரண்டு மணி நேரப் படத்தோடு தொடங்க வேண்டாம். ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் சாண்ட்பெர்க் எழுதி, இயக்கி, நடித்து 2015இல் வெளியிட்ட 'குங் ஃப்யூரி' அரை மணி நேரம்தான். பொதுமக்களிடம் இணையத்தில் திரட்டிய பணத்தில் எடுத்தது, யூடியூபில் இலவசமாகவே வெளியிட்டார்கள். டைனோசர், காலப் பயணம், ஹிட்லரோடு குங்ஃபூ எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. சத்தத்தை நன்றாகக் கூட்டி வையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களையும் மாடிக்குக் கூப்பிட்டுவிட்டால் ஆமாப் போட இன்னும் நாலு பேர் கிடைப்பார்கள்.