முன்னால் ஆடுபவர்களைக் குறை கூறும் முன்பு: கோல்ஃப் மைதானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினெட்டு ஹோல் (குழி) கொண்ட கோல்ஃப் ஆட்டம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டிப் போனாலும், அந்தக் குழுவில் இருக்கும் நால்வரில் ஒருவர்கூடத் தம்மால்தான் தாமதம் ஏற்பட்டது என்று ஒப்புக்கொள்வதில்லை. இதில் பாசாங்கு எதுவும் இல்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அது தெரிவதில்லை. ஆளுக்கு 90 அடிகள் என்று வைத்துக்கொண்டால் நால்வரும் சேர்ந்து ஒரு சுற்றில் 360 அடிகள் அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் தேவைக்கு மேல் 10 விநாடி எடுத்துக்கொண்டால் 3,600 விநாடிகள், அதாவது முழுதாக ஒரு மணி நேரம் வீணாகிறது. பத்து விநாடி யாருடைய கண்ணிலும் படாது, அந்த ஒரு மணி நேரமோ பின்னால் வரும் அத்தனை குழுக்களையும் வெயிலில் நிறுத்திவைக்கும்.

ஆகவே, மட்டையை வேகமாக வீசச் சொல்வதால் பயன் ஏதும் இல்லை. வீச்சுக்கு ஆகும் நேரம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரம் கரைவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில், குறிப்பாகத் தம் முறை வந்த பிறகே தயாராகத் தொடங்கும் பழக்கத்தில். ஃபேர்வேயில் (தொடக்க இடத்துக்கும் குழிக்கும் இடையிலான புல்வெளிப் பாதையில்) நால்வரும் கேடிகளுடன் (மட்டைப்பையைச் சுமந்து உதவுபவர்களுடன்) ஒன்றாக நடந்து, மிகவும் பின்தங்கிய பந்தின் அருகே கூடி நிற்பார்கள். அவர் அடித்த பிறகு அடுத்த பந்துக்கு மொத்தக் கூட்டமும் நகரும். அங்கே சென்ற பின்னர்தான் அந்தப் பந்துக்குரியவர் கையுறையை மாட்டி, தூரத்தைக் கேட்டு, காற்றைப் பார்த்து, எந்த மட்டை என்று யோசிப்பார். மற்றவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே அவரவர் தம் பந்தின் அருகே, ஆனால் அடிப்பவருக்கு முன்னால் போய்விடாமல் பாதுகாப்பான தொலைவில் நின்று, இவை எல்லாவற்றையும் முடித்து வைத்திருக்கலாம். தடையோ கவனச்சிதறலோ இன்றி ஆடக்கூடிய நிலை வந்த பிறகு ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது, பெரும்பாலும் அதைவிட விரைவாகவே அடித்துவிட முடியும் என்று 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பரிந்துரைக்கின்றன. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே ஆட்டத்தில், குழியிலிருந்து தொலைவில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்று காத்திருக்காமல், ஆபத்தில்லாதபோது தயாராக இருப்பவர் அடிக்கலாம் என்றும் அதே விதிகள் ஊக்குவிக்கின்றன. ஒவ்வொரு ஹோலாக எதிராளியுடன் மோதும் மேட்ச் பிளேயில் மட்டும் எச்சரிக்கை தேவை: ஒப்புதல் இல்லாமல் முறை மாறி அடித்தால், அந்த அடியை ரத்து செய்து மீண்டும் அடிக்கச் சொல்லும் உரிமை எதிராளிக்கு உண்டு.

தொலைக்காட்சியில் பார்க்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சடங்குகளை அப்படியே பின்பற்றுவது இன்னொரு தவறு. 2018இல் அமெரிக்காவின் டோரி பைன்ஸ் மைதானத்தில் நடந்த ஃபார்மர்ஸ் இன்சூரன்ஸ் ஓபனின் கடைசி ஹோலில் ஜே.பி. ஹோம்ஸ் இரண்டாவது அடிக்கு முன்னர் நான்கு நிமிடத்துக்கும் மேல் யோசித்தார். அதுவரை அதே குழுவில் இருந்த அலெக்ஸ் நோரன் காத்துக்கொண்டு நின்றார். இத்தனை யோசனைக்குப் பிறகு ஹோம்ஸ் குழி அமைந்த புல்தரையான கிரீனைக் குறிவைக்கவே இல்லை, பாதுகாப்பாக முன்னால் தட்டிவிட்டார். பரிசுத்தொகையும் சுழன்றடிக்கும் காற்றும் இருந்த அந்த இடத்திலேயே அது கடும் கண்டனத்துக்கு உள்ளானது என்றால், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நண்பர்களுடன் ஆடும் நமக்கு நான்கு ஒத்திகை வீச்சுகள் எதற்கு? தொழில்முறை உலகமும் இதைப் பொறுத்துக்கொள்வது குறைந்து வருகிறது. 2013 மாஸ்டர்ஸ் போட்டியில் 14 வயதே ஆன சீனச் சிறுவன் குவான் தியன்லாங்குக்கு மெதுவாக ஆடியதற்காக ஓர் அடி தண்டனை விதிக்கப்பட்டது. பெண்களுக்கான தொழில்முறைப் போட்டித் தொடரான எல்.பி.ஜி.ஏ. 2025இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில், அனுமதித்த நேரத்தை 5 விநாடி வரை தாண்டினால் அபராதம், 6 முதல் 15 விநாடி என்றால் ஓர் அடி, 16 விநாடியிலிருந்து இரண்டு அடி என்று தண்டனை ஏறுகிறது.

தனிப்பட்ட எந்தப் பழக்கத்தையும்விட அதிக நேரத்தை விழுங்குவது தொலைந்த பந்துதான். ஒவ்வொரு ஹோலும் தொடங்கும் இடமான டீயிலிருந்து அடித்த பந்து வலப்புற மரங்களுக்குள் மறைகிறது. “கிடைத்துவிடும்” என்று சொல்லிவிட்டு அனைவரும் நடக்கிறார்கள். இருநூறு மீட்டர் சென்று தேடியும் அகப்படாதபோது, விதிப்படி அவர் ஓர் அடி தண்டனையுடன் டீக்கே திரும்பி வந்து அடிக்க வேண்டும். அதற்குள் பின்னால் வந்த குழு டீயில் நின்றுகொண்டிருக்கும். இந்தச் சங்கடத்தை முப்பது விநாடியில் தவிர்க்கலாம்: பந்து தொலைந்திருக்கலாம் என்றோ எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்றோ தோன்றினால், டீயை விட்டு நகரும் முன்பே புரொவிஷனல் (தற்காலிக மாற்று) பந்து ஒன்றை அடித்துவிட வேண்டும். அதை அடிக்கும் முன்னர் “புரொவிஷனல்” என்று தெளிவாக அறிவிப்பது கட்டாயம். “இன்னொன்று அடிக்கிறேன்” என்று முணுமுணுத்தால் போதாது. அப்படி அடித்த அந்தக் கணமே இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் உள்ள பந்து ஆகிவிடும், முதல் பந்து பிறகு ஃபேர்வேயின் நடுவிலேயே கிடைத்தாலும் பயனில்லை.

தேடுவதற்கான நேரமும் 2019இல் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ஆட்டக்காரரோ அவருடைய கேடியோ தேடத் தொடங்கும் நொடியிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. இன்றும் பழைய ஐந்து நிமிடக் கணக்கிலேயே புதரைக் கிளறிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நால்வரும் ஒருசேரத் தேடலில் இறங்கிவிடுவதும் பிழைதான். நல்லெண்ணம் என்றாலும், முதலில் தத்தம் அடியை முடித்துவிட்டுத் தேடச் சென்றால் ஆட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். போட்டியல்லாத நாள்களில், தொலைந்த பந்துக்காகத் திரும்பிப் போகாமல் இரண்டு அடி தண்டனையுடன் ஃபேர்வே ஓரத்தில் பந்தை விட்டு ஆட இடந்தரும் உள்ளூர் விதி ஒன்றும் உள்ளது. அதைக் கிளப் ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று டீக்குப் போகும் முன்பே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

கிரீனில் நடக்கும் தவறுகள் சிறியவை, ஆனால் ஒவ்வொரு ஹோலிலும் திரும்பத் திரும்ப வருபவை. பையைக் கிரீனின் முன்புறம் வைத்துவிட்டு, முடிந்ததும் அதை எடுக்கப் பின்னோக்கி நடப்பார்கள். அடுத்த டீ இருக்கும் பக்கம் வைத்தால் அந்த நடை மிச்சம். குழிக்கு ஒரு சாண் தூரமே இருந்தாலும் இடத்தைக் குறியிட்டு, பந்தை எடுத்துத் துடைத்து, மீண்டும் வைத்து ஆடுவார்கள். குழிக்கு அருகே நின்றபடி யாருக்கு ஐந்து, யாருக்கு ஆறு என்று கணக்குப் பார்ப்பார்கள். ஸ்கோர் கார்டில் எழுதுவதற்கு அடுத்த டீயில் வேண்டிய அவகாசம் உண்டு. கிரீனில் இருந்து அடிக்கும்போது கொடிக்கம்பத்தைக் குழியிலேயே விட்டுவைத்தாலும் இப்போது தண்டனை இல்லை என்பதால், ஒருவருக்காக எடுத்து இன்னொருவருக்காக வைத்துக்கொண்டிருக்கும் வேலையும் மிச்சமாகியிருக்கிறது. காலணித் தடங்களைச் சரிசெய்யவும் 2019 முதல் அனுமதி உண்டு. இந்தச் சலுகையைப் பெற்ற சிலர் பந்திலிருந்து குழி வரை தரையைத் தட்டித் தட்டியே போகிறார்கள், ஆனால் அடிக்கும்போது தாம் குழித்த பள்ளத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

தரையைப் பேணுவதை வேகத்துக்குப் பலியிடக் கூடாது. மணல் பள்ளமான பங்கரில் உயரமான கரையிலிருந்து குதித்து இறங்காமல் தாழ்ந்த பக்கமாக நுழைந்து, அடித்த பின்னர் ரேக்கால் மணலைச் சமன் செய்துவிட்டு வர அரை நிமிடம்கூட ஆகாது. ‘நேரமாகிவிட்டது’ என்று அதை விட்டுவிடுபவரின் காலடித் தடத்தில் அடுத்தவரின் பந்து போய் உட்காரும். அவர் அங்கே கூடுதலாக இரண்டு அடிகள் அடிப்பார். மிச்சம் பிடித்ததாக நினைத்த நேரம் அங்கேயே போய்விடும்.

திறமைக்கு மீறிய டீயிலிருந்து ஆடுவது பெருமைக்காகச் செய்யப்படும் தவறு. டிரைவர் என்னும் நீண்ட மட்டையால் 180 மீட்டர் அடிப்பவர் மிகப் பின்னால் உள்ள டீயிலிருந்து தொடங்கினால், பார் 4 ஹோல்களில் (நான்கு அடிகளில் முடிக்க வேண்டியவை) பலவற்றின் கிரீனை இரண்டு அடிகளில் எட்டவே முடியாது. அதேபோல, ஒரு ஹோல் கைவிட்டுப் போன பிறகும் ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டே அடிப்பதற்கும் அவசியம் இல்லை. ஆட்டக்காரரின் திறனை அளக்கும் ஹேண்டிகேப் கணக்கில் ஒரு ஹோலுக்கு உச்சவரம்பு இருக்கிறது. அதைத் தொட்ட பிறகு சாதாரண ஆட்டத்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தரும், 1932 முதல் போட்டிகளில் வழங்கிவரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையிலும், புள்ளி கிடைக்க வழியில்லை என்றானதும் பந்தை எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

சென்னை, கோவை, உதகை போன்ற இடங்களில் பெரும்பாலோர் கேடியுடன்தான் ஆடுகிறார்கள். மைதானத்தின் நிலவரம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு ஆட்டக்காரருக்குத் தெரியாது. “சார், நமக்கு முன்னாடி ஒரு ஹோல் காலியா இருக்கு, பின்னாடி வர்றவங்கள விட்டுடலாமா?” என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டால், “நாம என்ன மெதுவாவா ஆடுறோம்?” என்ற சிடுசிடுப்புதான் பதிலாக வருகிறது. அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். தவறான அடிக்குக் கேடியைத் திட்டுவதும், பங்கரைச் சமன் செய்வது முழுக்க அவர் பொறுப்பு என்று நினைப்பதும் இதனுடன் சேர்ந்தவை. கேடி செய்யும் விதிமீறலுக்கும் தண்டனை ஆட்டக்காரருக்கே என்று விதி சொல்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே உடன் ஆடுபவருக்குத் தோளைத் திருப்பு, தலையைத் தூக்காதே என்று பாடம் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும்: ஸ்ட்ரோக் பிளே போட்டியில் ஆலோசனை கூறியவருக்கு இரண்டு அடி தண்டனை உண்டு.

மெதுவாக ஆடுகிறோமா என்பதை அறியக் கடிகாரத்தைவிட முன்னால் உள்ள குழுவே நல்ல அளவுகோல். அவர்களை ஒட்டிச் சென்றுகொண்டிருந்தால், பின்னால் எவ்வளவு பெரிய வரிசை நின்றாலும் தவறு உங்களுடையது அல்ல. முன்னால் ஒரு ஹோல் முழுதும் காலியாகி, பின்னால் ஒரு குழு காத்து நிற்கிறது என்றால், நீங்கள் எத்தனை சுறுசுறுப்பாக உணர்ந்தாலும் வழிவிட வேண்டியவர் நீங்கள்தான். வழிவிடுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பார் 3 ஹோல் அதற்கு ஏற்ற இடம்: எல்லோரும் கிரீனை அடைந்ததும் பந்துகளைக் குறியிட்டு எடுத்துக்கொண்டு, மரநிழலில் ஒதுங்கி நின்று, பின்னால் உள்ளவர்களை அடிக்குமாறு கையசைக்கலாம், அவர்கள் நடந்து வருவதற்குள் உங்கள் பட்களை (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடிகளை) முடித்துவிடலாம், பிறகு அவர்களை முன்னே செல்ல விடலாம். கையசைத்துவிட்டு அதே வேளையில் தாமும் நடந்துகொண்டே இருப்பவர்கள் இரண்டு குழுக்களையும் குழப்புகிறார்கள், ஆபத்தையும் வரவழைத்துக்கொள்கிறார்கள்.

பின்னால் காத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள் இதைவிடக் கடுமையானவை. அவற்றில் எந்த நிலையிலும் மன்னிக்க முடியாதது, முன்னால் உள்ளவர்களை ‘விரட்ட’ வேண்டும் என்று அவர்களை நோக்கிப் பந்தை அடிப்பது. சுமார் 46 கிராம் எடையுள்ள அந்தக் கடினமான பந்து சாதாரண ஆட்டக்காரரின் டிரைவரிலிருந்தே மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் கிளம்பும். தலையிலோ கண்ணிலோ பட்டால் வாழ்நாள் ஊனம் ஆகலாம். “ஃபோர்!” என்ற கூச்சல், தவறிப்போன பந்தைப் பற்றிய எச்சரிக்கை; வேண்டுமென்றே அடித்ததற்கு அது சமாதானம் ஆகாது. பொறுமை இழந்திருக்கும் நேரத்தில், “அவ்வளவு தூரம் என்னால் அடிக்க முடியாது” என்ற கணிப்பையும் நம்ப வேண்டாம், ஏனென்றால் வாழ்நாளின் மிக நீண்ட அடி அப்போதுதான் வந்து வாய்க்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் முன்னால் உள்ள குழுவுக்கு முன்னால் யார் இருக்கிறார்கள் என்பதை. அவர்களும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றால் அவர்களைத் தாண்டிச் சென்று நீங்கள் அடையப்போவது ஒன்றுமில்லை. நால்வர் குழுக்கள் நிறைந்த நாளில் இருவராக ஆடவந்து, வரிசையாக எல்லோரும் ஒதுங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. அவர்களுக்கு முன்னால் காலி இடம் உண்மையிலேயே இருந்தால், இடுப்பில் கைவைத்து முறைத்துக்கொண்டு நிற்காமல், அடுத்த டீயில் சேரும்போது நேரில் சென்று, “நீங்க பந்து தேடிக்கிட்டு இருந்தீங்க போல, நாங்க ரெண்டு பேர்தான், முன்னாடி போயிடலாமா சார்?” என்று ஒரு காரணத்தையும் நீங்களே எடுத்துக்கொடுத்துக் கேட்கலாம். மரியாதை கெடாமல் ஒப்புக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. அனுமதி கிடைத்த பிறகு ஒத்திகை வீச்சுகளைக் குறைத்து, தொலைந்த பந்தைத் தேடாமல், விரைந்து கடந்துவிட வேண்டும். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். குழுக்களைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்டரிடமோ மைதானத்தைக் கண்காணிக்கும் மார்ஷலிடமோ தகவல் அனுப்பினால் போதும்.

எல்லாப் பழியையும் ஆட்டக்காரர்மீது சுமத்துவதும் சரியாகாது. ஏழு நிமிடத்துக்கு ஒரு குழு என்று கிளப் அனுப்பிக்கொண்டிருக்க, பார் 3 ஹோல் ஒன்றைக் கடக்க ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்பது நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சுங்கச்சாவடியில் வண்டிகள் சேர்வதுபோல் ஒவ்வொரு குழுவும் முந்தைய குழுவைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கும். பதினோராவது குழு அங்கே வந்து சேரும்போது காத்திருப்பு 20 நிமிடம் ஆகியிருக்கும், ஒருவர்கூட மெதுவாக ஆடியிருக்க மாட்டார். ஆகையால் கிளப் செயலாளரிடம் புகார் கொடுப்பவர்கள், “அந்த நாலு பேர் குழு ரொம்ப மோசம்” என்று மதுக்கூடத்தில் பொதுவாகப் பேசாமல், எந்த ஹோலில், எத்தனை மணிக்கு, முன்னால் எத்தனை ஹோல் காலியாக இருந்தது, தங்கள் குழு எந்த நேரத்தில் தொடங்கியது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். இடைவெளி ஒரு குழுவுக்கு முன்னால் மட்டும் இருந்ததா, அல்லது அதே ஹோலில் வாராவாரம் வரிசை சேர்கிறதா என்பது அந்தக் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது புலப்படும். முதலாவது என்றால் அந்த நால்வரை அழைத்துப் பேச வேண்டும், இரண்டாவது என்றால் டீ நேர அட்டவணையைத்தான் மாற்ற வேண்டும்.