உடற்பயிற்சி அறிவியல் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பையனுக்கு விளையாட்டுன்னா உயிர், ஸ்போர்ட்ஸ் சயன்ஸ் சேர்த்துடலாம்." ஏ லெவல் முடிவுகள் வெளிவரும் காலத்தில் சிங்கப்பூரில் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சேர்க்கலாம், நல்ல படிப்புதான். ஆனால் விளையாடுவதில் உள்ள ஆசையை இந்தப் படிப்பின் மீதுள்ள ஆசை என்று எடுத்துக்கொள்வதிலிருந்துதான் பல தவறுகள் தொடங்குகின்றன.

வகுப்பில் முதலில் வருவது உடற்கூறியல், உடலியங்கியல், உடல் அசைவின் இயற்பியல், உளவியல், புள்ளியியல். ஆய்வுக்கூட வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் டிரெட்மில்லில் ஓடுவார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விரல் நுனியிலோ காது மடலிலோ ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில், தசை கடுமையாக உழைக்கும்போது கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். ஒருவர் இதயத்துடிப்பைக் குறிப்பார், இன்னொருவர் நேரத்தைப் பார்ப்பார். பிறகு எல்லாரும் உட்கார்ந்து வரைபடம் போட்டு, கோடு எந்த வேகத்தில் சட்டென்று மேலே ஏறுகிறது என்று விவாதிப்பார்கள். ஓடுகிறவர் ஒருவர்தான், மற்றவர்கள் அளக்கிறவர்கள். அந்த அளவும் வரைபடமும் யாருக்குப் பிடிக்கிறதோ அவருக்கு இந்தப் படிப்பு பிடிக்கும். பள்ளி அணியில் ஒருமுறைகூட இடம் கிடைக்காதவர் இதில் சிறந்து விளங்க எந்தத் தடையும் இல்லை.

படிப்பின் பெயரையும் முழுதாகப் படியுங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புக்கு 'ஸ்போர்ட் சயன்ஸ் அண்ட் மேனேஜ்மென்ட்' என்று பெயர். அதன் பின்பாதியான நிர்வாகப் பாடங்களைக் கண்டுகொள்ளாமல் சேர்ந்துவிட்டுப் பிறகு முகம் சுளிப்பதில் பயனில்லை. ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இதே துறையில் டிப்ளோமா படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த அதிர்ச்சி குறைவு. மனித உடலை அறிவியலாகப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு அங்கேயே வந்துவிடுகிறது.

அடுத்த தவறுதான் அதிகச் செலவு வைப்பது. பிசியோதெரபி கிடைக்கவில்லை, இதைப் படித்துவிட்டு அந்த வேலைக்குப் போய்விடலாம் என்ற கணக்கு. சிங்கப்பூரில் அது நடக்காது. 2011ல் இயற்றப்பட்டு 2013ல் நடைமுறைக்கு வந்த துணைமருத்துவத் தொழில்கள் சட்டப்படி, பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்க அதற்கான மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்கு, மன்றம் ஏற்கும் பிசியோதெரபித் தகுதி கையில் இருக்க வேண்டும். உடற்பயிற்சி அறிவியல் பட்டம் எவ்வளவு நல்ல மதிப்பெண்ணுடன் வந்தாலும் அந்தத் தகுதி ஆகாது. மனம் பிசியோதெரபியில்தான் இருக்கிறது என்றால் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் பிசியோதெரபிப் பட்டப்படிப்புக்கு நேராக விண்ணப்பியுங்கள். அங்கு இடம் கிடைக்காமல், இந்தப் பட்டத்தை முடித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபி முதுகலை படிக்கிற வழியும் உண்டு. அப்படியானால் அந்தப் படிப்பை இங்குள்ள மன்றம் ஏற்கிறதா என்று முன்பணம் கட்டும் முன்பே பாருங்கள். கட்டிய பிறகு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், அதுதான் வருத்தம்.

சரி, இந்தப் படிப்பு எந்த வேலைக்கு உங்களைத் தயார்படுத்துகிறது? இதய மறுவாழ்வுக் கூடத்தில் அதற்கு நல்ல விடை கிடைக்கும். அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 62 வயது மாமா ஒருவர் பயிற்சிக்கு வருகிறார். பாடப்புத்தகக் கணக்குப்படி 220லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு 158. அதில் 70 சதவீதம், அதாவது ஏறக்குறைய 110, என்று இலக்கு வைக்கலாம். ஆனால் மாமா பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அந்த மாத்திரையின் வேலை. 110 வரவில்லையே என்று டிரெட்மில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆபத்து. அதனால் சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த, 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவுகோலைக் காட்டி, "இப்ப எவ்வளவு கஷ்டமா இருக்கு மாமா?" என்று கேட்க வேண்டும். 11 என்றால் லேசு, 13 என்றால் கொஞ்சம் கஷ்டம். அந்த இடைவெளிக்குள் அவரை நடக்க வைப்பது பயிற்சியாளரின் திறமை. எந்த மருந்து எதைச் செய்யும் என்று தெரியாதவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். இன்சுலின் போட்டுக்கொள்கிறவரை வெறும் வயிற்றில் சைக்கிள் மிதிக்க வைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பதும் அதே மாதிரிதான்.

வேலை என்றதும் தேசிய அணியை மட்டும் நினைப்பதும் தவறு. சாந்தி பெரேரா 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம் வென்றபோது, திடல்தடத்தில் சிங்கப்பூருக்கு 1974க்குப் பிறகு கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. நமக்கெல்லாம் புல்லரித்தது. அப்படிப்பட்ட வீரர்களோடு வேலை செய்யும் விளையாட்டு அறிவியலாளர்கள் காலாங்கில் இருக்கிறார்கள். ஆனால் சிறிய நாடு, அந்த நாற்காலிகள் கொஞ்சம்தான். ஒவ்வோர் ஆண்டும் பட்டம் பெறுகிற எல்லாருக்கும் அங்கே இடம் இருக்காது.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் ஒன்று சாதாரண பஸ் ஊழியர்களைப் பற்றியது. லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று ஜெரி மோரிசும் அவருடைய குழுவும் 1953ல் வெளியிட்டார்கள். சிங்கப்பூரில் வேலை பெருகுவதும் இந்தப் பக்கம்தான். 2030 வாக்கில் குடிமக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார். சாங்கி பொது மருத்துவமனை 'எக்சர்சைஸ் இஸ் மெடிசின் சிங்கப்பூர்' திட்டத்தை நடத்துகிறது. சிங்கப்பூர் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்கு இதய நோயாளிகளுக்கென்றே பயிற்சி நிலையங்கள் உண்டு. 2023ல் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் குடும்ப மருத்துவரே மக்களை உடற்பயிற்சிப் பக்கம் திருப்பிவிடுகிறார்.

இங்கே நம் சமூகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சு 2016ல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. இந்தியர்களிடம் நீரிழிவு சீனர்களிடம் இருப்பதைவிட அதிகம். நடைப்பயிற்சிக் கருவியில் இருக்கும் பாட்டியிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல தம்பி, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். கை மட்டும் கம்பியை விடாது. அவரிடம் எண் கேட்பதைவிட, காலையில் என்ன சமைத்தீர்கள் என்று தமிழில் பேச்சுக் கொடுப்பது மேல். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. தமிழ் பேசத் தெரிந்த மாணவர்கள் இந்தத் துறைக்கு இன்னும் நிறைய வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இதுவே காரணம்.

உடற்கல்வி ஆசிரியர் ஆவது தனிப் பாதை. கல்வி அமைச்சு தேர்ந்தெடுத்து, தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற பிறகே முழுத் தகுதி பெற்ற ஆசிரியர் ஆக முடியும். வேறு வேலை கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இதைக் கடைசியில் வைக்காதீர்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடிய கனகசபை குணாளனின் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. அவரும் ஆசிரியராகத்தான் வாழ்ந்தார், பிற்காலத்தில் உடற்கல்வி ஆசிரியர்களையே உருவாக்கினார்.

புள்ளியியலை எப்படியாவது தேறிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன 220 கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். அது சராசரி மட்டும்தான். ஒருவருடைய உண்மையான அளவு அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடவோ குறையவோ இருப்பது வெகு சாதாரணம். குளிர்நாட்டு ஆய்வுகளின் எண்களை நம் ஊர் ஈரப்பதத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பதும் எண்களைப் படிக்கத் தெரிந்தால்தான் புரியும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வெப்பத்தைத் தாங்கும் உடல்திறனை ஆராய ஒரு மையமே இருக்கிறது. தேசிய சேவைப் பயிற்சி முதல் கட்டுமானத் தளம் வரை அந்த அறிவுக்குத் தேவை உண்டு.

சான்றிதழ்கள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். வலுப்பயிற்சி நிபுணர்களுக்கான சிஎஸ்சிஎஸ் தேர்வை எழுதப் பட்டமோ, பட்டப்படிப்பின் இறுதியாண்டோ தேவை. வார இறுதி வகுப்புகளில் காசைக் கரைக்காமல் அதற்குச் சேர்த்து வையுங்கள். இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் முதலுதவியான சிபிஆர், ஏஇடி பயிற்சியை மட்டும் முதலாண்டிலேயே முடித்துவிடுங்கள். தனிப்பட்ட பயிற்சியாளராக ஜிம்மில் சேர்பவர்களுக்குப் பல இடங்களில் வருமானம் வாடிக்கையாளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

பல்கலைக்கழகத் திறந்த நாளுக்குப் போனால் கூடத்தையும் கருவிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வேலைப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறீர்கள், மருத்துவமனையா, பள்ளியா, நிகழ்ச்சி நடத்தும் நிறுவனமா, எத்தனை வாரம் என்று கேளுங்கள். கடைசி ஆண்டு மாணவர் யாராவது நின்றால், அவருடைய ஆய்வுத் திட்டம் எதைப் பற்றி என்றும், சென்ற ஆண்டு முடித்த சீனியர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்றும் அவரிடம் விசாரியுங்கள்.