மழைத் தண்ணீரை விரட்டுகிற அவசரம்: மலையில் வீடும் தோட்டமும் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களிடம் மழைத் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், "பைப் போட்டு ரோட்டுப் பக்கம் விட்டாச்சு" என்பார்கள். ரோட்டைத் தாண்டி அது எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. அது கீழ் வீட்டுக்காரரின் சுவருக்குப் பின்னால் போகும். இல்லாவிட்டால் ஓடைக்குப் போகும். குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் இறங்கி பவானியில் சேர்கின்றன. மேட்டுப்பாளையத்தில் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். நம் வாசலை விட்டுப் போனால் போதும் என்ற அவசரம்தான், மலையில் மழைத் தண்ணீர் விஷயத்தில் நாம் செய்கிற பெரும்பாலான தவறுகளுக்கு அடிப்படை.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. பத்து சென்டிமீட்டர் என்றால் 9,300 லிட்டர், அதாவது ஒரு டேங்கர் லாரி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் உங்கள் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரு நாலு இஞ்ச் பைப்பின் வாயில் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடத்து மண் என்ன ஆகும்?

ஒரே பைப், ஒரே இடம்

கூரையில் பரவலாக விழுகிற மழையை ஒரு புள்ளியில் சேர்த்து, சரிவில் திறந்துவிடுவது முதல் தவறு. மெதுவாகப் போகிற தண்ணீர் மண்ணை நனைக்கும். வேகம் கூடிவிட்டால் அறுத்துக்கொண்டு போகும். பைப் முடிகிற இடத்தில் முதல் வருஷம் ஒரு சின்னக் குழி இருக்கும். மூன்றாவது வருஷம் அது வாய்க்கால். அப்புறம் பக்கத்திலிருக்கும் வேலி சாயும்.

முடிந்த அளவு தொட்டியில் பிடித்து வையுங்கள். மிஞ்சுவதைச் சரிவில் இறக்கத்தான் வேண்டும் என்றால் கல் பதித்த படிகளில் இறக்குங்கள். படிக்குப் படி ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் தண்ணீர் அங்கே விழுந்து வேகம் குறைந்து அடுத்ததற்குப் போகும். வாசல் முழுக்க கான்கிரீட் போடுகிற பழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். இரண்டு கார் நிற்கிற இடத்துக்குப் போட்டாலே போதுமே. மீதியில் புல் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

சமவெளி யோசனையை அப்படியே மலைக்கு ஏற்றுவது

இது நல்ல எண்ணத்தில் செய்கிற தவறு. 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். சென்னை மாதிரி தட்டையான ஊரில் உறிஞ்சுகுழி நல்ல ஏற்பாடு. ஆனால் மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய மலை வீட்டில், வெட்டுச் சுவரின் தலைக்கு மேல் ஒரு உறிஞ்சுகுழி தோண்டினால், சரியக் காத்திருக்கும் மண்ணுக்குள் நாமே தண்ணீர் ஊற்றுகிறோம். மண் நனைய நனைய எடை கூடும். துகள்களுக்கு இடையில் தண்ணீர் அழுத்தி, ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். மண் சரிவதற்கு வேறு பெரிய காரணம் வேண்டாம்.

ஆகவே தண்ணீரை மண்ணுக்குள் விடுவது என்றால், மரமும் புல்லும் இருக்கிற, வெட்டுப்படாத, சரிவு குறைந்த இடத்தில் விட வேண்டும். வெட்டிய சரிவு, கொட்டி நிரப்பிய மண், தடுப்புச் சுவரின் தலை, இந்த மூன்று இடத்திலும் தண்ணீரை நிற்க விடாமல் வடித்துவிட வேண்டும். மலையில் கட்டும்போது இந்த இரண்டு வகை இடங்களைப் பிரித்துப் பார்ப்பது, சுவருக்கு எத்தனை கம்பி போடலாம் என்ற விவாதத்தைவிட முக்கியம் என்பேன்.

தடுப்புச் சுவர் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியே வர, கட்டும்போதே வரிசையாக பிவிசி பைப் துண்டுகளை வைத்து ஓட்டை விடுவார்கள். அந்த ஓட்டைகளில் இருந்து செம்மண் கலந்த தண்ணீர் வழிந்து சுவரில் பழுப்புக் கோடு விழும். பெயின்ட் அடித்த சுவர் அசிங்கமாகிறது என்று அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது ஓட்டையில் சிமென்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள். காட்டேஜ் வைத்திருப்பவர்கள் இதில் ரொம்ப மும்முரம். சுவர் நிற்பதே அந்த ஓட்டைகளால்தான். பின்னால் சல்லிக்கல் அடுக்கு இல்லாமல் வெறும் மண்ணை அள்ளி நிரப்பினாலும் இதே கதி: மண் அடைத்துக்கொள்ளும், ஓட்டை இருந்தும் தண்ணீர் வராது. அடைமழையின்போது வழக்கமாக ஒழுகுகிற ஓட்டைகள் திடீரென்று நின்றுபோனாலோ, சுவர் வயிறு தள்ளி நின்றாலோ, மேலே மண்ணில் புதிதாக விரிசல் தெரிந்தாலோ, வீட்டை விட்டு வெளியேறி, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குப் போன் செய்யுங்கள். விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

மழைத் தண்ணீரையும் சாக்கடையையும் கலப்பது

ஊட்டி ஏரியை 1820-களில் அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டினார். இன்று அதன் முக்கியப் பிரச்சினை, கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்துக் கழிவு வந்து சேர்வது. மழைக்காகவும் ஓடைக்காகவும் இருந்த வழி சாக்கடையானால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. அந்தக் கழிவில் இருக்கும் சத்தைத் தின்றுதான் ஆகாயத் தாமரை ஏரியில் தழைக்கிறது.

வீட்டளவில் இந்தத் தவறு இரண்டு விதமாக நடக்கிறது. சமையலறை, குளியலறைத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடுவது ஒன்று. இது எல்லோருக்கும் தெரிந்த குற்றம். இன்னொன்றை யாரும் தவறாகவே நினைப்பதில்லை: கூரைத் தண்ணீரைக் கொண்டுபோய் செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடைக் குழாயிலோ இணைப்பது. ஒரு பலத்த மழைக்கு அந்தக் குழாய் தாங்காது. ஆள்நுழைக் குழியின் மூடி தூக்கிக்கொண்டு மலம் கலந்த தண்ணீர் தெருவில் ஓடும். அது யார் வீட்டுக் கூரைத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை.

அடிப்பக்கம் பூசாத செப்டிக் டேங்க் மலையில் இரட்டை ஆபத்து. மேலே ஊறியது, சரிவில் படிபோல இருக்கும் நிலத்தில் இரண்டு தட்டு கீழே கசிந்து வெளியே வரும். அந்தத் தட்டில்தான் பல ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) குடிநீர் ஊற்று இருக்கிறது. மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீரைக் கட்டாயம் கொதிக்க வையுங்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலைக்கு அது தடுப்பு. மழை பெய்கிறதே, அடித்துக்கொண்டு போய்விடும் என்று இரவோடு இரவாக செப்டிக் டேங்கைத் திறந்துவிடுகிறவர்களைப் பற்றி என்ன எழுதுவது? அடித்துக்கொண்டுதான் போகிறது, அடுத்தவர் குடத்துக்கு.

காய்கறித் தோட்டத்தில்

கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிப்பதைப் பார்க்கலாம். அதற்குக் காரணமும் இருக்கிறது: குறுக்கே பிடித்தால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும். விவசாயியின் பயம் நியாயமானது. ஆனால் அப்படிப் பிடித்த ஒவ்வொரு பாத்திக் காலும் ஒரு வாய்க்கால். மேல் மண்ணும் போட்ட உரமும் அதன் வழியாக ஓடைக்குப் போகின்றன. 1954 முதல் ஊட்டியில் இருக்கும் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. சரிவைப் படிப்படியான தட்டுகளாக்கி, ஒவ்வொரு தட்டையும் மலைப் பக்கம் லேசாகச் சாய்த்து வைப்பது. தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் குதிக்காமல் உள்பக்கக் கால்வாயில் சேர்ந்து, பக்கவாட்டில் மெதுவாக வடியும். தேங்காது, மண்ணையும் இழுக்காது. தேயிலைத் தோட்டத்தில் பழைய ஆட்கள் கான் (சிறு வடிகால்) வெட்டி, நடுவில் குழி விட்டு வண்டலைப் பிடிப்பதும் இதே கணக்குதான். இப்போது களைக்கொல்லி அடித்து மண்ணை மொட்டையாக்கிவிட்டுக் கானையும் தூர்ந்துபோக விடுகிறார்கள்.

உர விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண் துகளோடு ஒட்டிக்கொண்டு போகும். மண்ணைப் பிடித்தால் அதையும் பெரும்பாலும் பிடித்த மாதிரி. தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்துவிடும். எந்த வரப்பும் அதை நிறுத்தாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீரில் நைட்ரேட் கூடினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதனால் உரத்தை மொத்தமாகக் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாகப் போடுவதும், கனமழை அறிவிப்பு இருக்கும் நாளில் போடாமல் இருப்பதும்தான் வழி. கோழி எருவை ரோட்டோரம் மூடாமல் குவித்து வைப்பது இதைவிட மோசம். ஒரு தார்ப்பாயும், குவியலைச் சுற்றி ஒரு சிறு கானும் போதும்.

ஓடைக்கரையில் கேரட் கழுவுவதும், மருந்து அடித்த பம்பை அங்கேயே அலசுவதும், ஜீப்பை ஓடைக்குள் இறக்கிக் கழுவுவதும் தவறு என்று எல்லோருக்கும் தெரியும். கழுவிய தண்ணீர் ஒரு தொட்டியில் நின்று வண்டல் படிந்த பிறகு வெளியே போகட்டும். ஓடையை ஒட்டி நாலைந்து அடியாவது உழாமல் புல் விடுங்கள். பள்ளத்தில் கிடக்கும் சதுப்பை மண் கொட்டி மூடி மனையாக்காதீர்கள். மழையை வாங்கி வைத்து மார்ச், ஏப்ரலில் ஊற்றுக்குக் கொடுப்பது அந்த இடம்தான்.

தூர் வாருவது

கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. மே மாதத்துக்குள் வடிகால் சுத்தமாக வேண்டும். குன்னூர், கோத்தகிரி, கேத்திக்கு வடகிழக்குப் பருவமழை. செப்டம்பரில் முடித்துவிட வேண்டும். மாவட்டம் முழுக்க ஒரே தேதியில் தூர் வாரினால் பாதி ஊருக்கு அது முந்தி, மீதிக்குப் பிந்தி. சாலையின் சிறுபாலங்களுக்கு அடியில் குனிந்து பாருங்கள். பாட்டிலும் கிளையும் சேர்ந்து அடைக்கும் இடம் அதுதான். அங்கே அடைத்தால் தண்ணீர் சாலை மேல் ஏறி, எதிர்ப்பக்கச் சரிவை அறுக்கும்.

வாரிய வண்டலைக் கால்வாய்க் கரையிலேயே குவித்துவிட்டுப் போவது, செய்த வேலையை அடுத்த மழைக்குத் தானம் கொடுப்பது. தோட்டத்துக் கானில் எடுத்த வண்டல் என்றால் மேல் தட்டுக்கே சுமந்து போடுங்கள், உங்கள் மண்தானே அது. ஊர்ச் சாக்கடை கலந்த வடிகாலில் எடுத்ததைக் காய்கறி நிலத்தில் போட வேண்டாம். அன்றைக்கே வண்டி வைத்து அப்புறப்படுத்தச் சொல்லி உள்ளாட்சியிடம் கேளுங்கள்.