பழைய கம்ப்யூட்டரை ஆபீஸ் ஃபைல் சர்வராக மாற்றுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகம். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரே ஒரு பென்டிரைவ். அந்தப் பென்டிரைவ்தான் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு கிரயப் பத்திரத்தின் வரைவு மூன்று கம்ப்யூட்டரில் மூன்று விதமாக இருந்தது. சர்வே எண்ணைத் திருத்தியது எதில் என்று யாருக்கும் தெரியவில்லை.

"தம்பி, எல்லாரும் ஒரே எடத்துலேருந்து எடுக்குற மாதிரி ஏதாவது பண்ணிக் குடு. புதுசா வாங்கச் சொல்லாத" என்றார் பெரியவர். பீரோவுக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம். அதுவே தாராளம் என்றேன்.

சர்வர் என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறவர்களுக்காக, அங்கே செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

பழசில் எது ஆகும், எது ஆகாது

ஃபைல் சர்வருக்குப் பெரிய மூளை வேண்டாம். கேட்டதை எடுத்துக் கொடுக்கும், கொடுத்ததை வாங்கி வைக்கும், அவ்வளவுதான். 64 பிட் பிராசஸரும் 2 ஜிபி ராமும் இருந்தாலே நாலைந்து பேருக்கு ஓடும்.

ஹார்ட் டிஸ்க் மட்டும் பழசு கூடாது. நான் முதன்முதலில் ஒரு நண்பருக்கு சர்வர் போட்டபோது, உள்ளே இருந்த 500 ஜிபி டிஸ்க்கையே வைத்து ஓட்டினேன். "நல்லாத்தானே ஓடுது" என்று நினைத்தேன். ஏழாவது வாரம் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றது. ஃபைல் இருந்த ஒரே இடம் அதுதான். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. அதனால் இரண்டு டிஸ்க் வாங்குங்கள்: சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, ஃபைல்களுக்குப் புது 1 டிபி ஹார்ட் டிஸ்க். வேறு செலவு பெரிதாக இல்லை.

முதல் வேலை: திறந்து துடைப்பது

தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் கழற்றிப் பார்க்கும் பழைய கம்ப்யூட்டர்களில், ராமின் தங்கநிறப் பற்கள் மங்கிப்போய், சில இடங்களில் பச்சை பூத்திருக்கும். ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது, பீப் பீப் என்று கத்தும். போர்டு போய்விட்டது என்று காயலான் கடைக்குப் போடுவார்கள். பாதிக்கும் மேல் ராம் தொடர்புதான் காரணம் என்பது என் அனுபவம்.

பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேயுங்கள். துகளைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். தூசிக்கு ப்ளோயர் போதும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். பிராசஸர் மேலிருக்கும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தால் புதிது தடவுங்கள். பயறு அளவு போதும், இட்லிக்குச் சட்னி ஊற்றுகிற மாதிரி வேண்டாம்.

அப்படியே போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், 3 வோல்ட். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போகும், பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அமைப்பும் அழிந்துபோகும்.

பயாஸில் இரண்டே மாற்றம்

ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். பவர் பகுதியில், கரன்ட் போய் வந்த பிறகு என்ன செய்வது என்று ஒரு வரி இருக்கும். அதை பவர் ஆன் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் யாராவது போய்ப் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டாவது, கீபோர்டு இல்லை என்பதற்காக நின்றுவிடாதபடி மாற்றுவது. சர்வருக்குக் கீபோர்டும் மானிட்டரும் வைக்கப் போவதில்லை. அது இல்லை என்று பழைய போர்டு சில ஸ்டார்ட் ஆகாமலே நின்றுகொண்டிருக்கும்.

எந்த மென்பொருள்?

விண்டோஸையே போட்டு ஃபோல்டரை ஷேர் செய்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய ஐ3யை ஏற்காது. அதனால் ஓப்பன்மீடியாவால்ட் போட்டேன். டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் இலவச மென்பொருள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்காமல், எல்லாவற்றையும் பிரௌசரிலேயே அமைக்கலாம்.

அவர்கள் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவுவதற்கான முழுத் தொகுப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். பழைய கம்ப்யூட்டரை அந்தப் பென்டிரைவிலிருந்து ஸ்டார்ட் செய்து நிறுவ வேண்டும். நிறுவும்போது புது ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள், எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும். தவறான டிஸ்க்கில் நிறுவுவதுதான் ஆரம்பத்தில் எல்லாரும் செய்யும் தப்பு. கேபிளே இல்லாவிட்டால் தப்பு செய்ய வழியில்லை. கேட்கிற கேள்விகளுக்கு நெக்ஸ்ட் கொடுத்துக்கொண்டே போகலாம். ரூட் (சிஸ்டத்தின் தலைமைக் கணக்கு) பாஸ்வேர்டை மட்டும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் அணைத்து, ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, நெட்வொர்க் கேபிளைச் சொருகி ஆன் செய்தால், திரையில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் எண், தெரியும். வேறு கம்ப்யூட்டரின் பிரௌசரில் அந்த எண்ணை அடியுங்கள். பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டு ஓப்பன்மீடியாவால்ட், இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். உள்ளே போனதும் முதல் வேலை அந்தப் பாஸ்வேர்டை மாற்றுவது.

முகவரி, டிஸ்க், ஃபோல்டர், ஆள்

சர்வரின் முகவரி மாறக்கூடாது. நெட்வொர்க் பகுதியில் 192.168.1.50 என்று நிலையாக வைத்தேன். உங்கள் ரௌட்டர் 192.168.1.1 ஆக இருந்தால்தான் இது பொருந்தும். முதல் மூன்று எண்ணும் ரௌட்டரைப் போலவே இருக்க வேண்டும். ரௌட்டர் தானாக மற்றவர்களுக்கு வழங்கும் எண் வரிசைக்கு வெளியேயும் இருக்க வேண்டும். இதை மாற்றியதும் பக்கம் உறைந்துவிடும். பதற வேண்டாம், புது எண்ணை அடித்து மறுபடி நுழையுங்கள்.

அடுத்து ஸ்டோரேஜ் பகுதியில் புது டிஸ்க்கை வைப் செய்து (முழுக்க அழித்து), லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் ஃபைல் சிஸ்டம் உருவாக்கி, மௌன்ட் செய்யுங்கள் (பயன்பாட்டுக்கு இணையுங்கள்). பிறகு ஷேர்டு ஃபோல்டர். நாங்கள் இரண்டு வைத்தோம்: பத்திரம், கணக்கு. ஷேரின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல் பெயர்கள் தமிழில் இருக்கலாம், யூனிகோடில் ஒரு தொல்லையும் இல்லை. யூசர்ஸ் பகுதியில் ஆளுக்கு ஒரு கணக்கு. எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு என்று சோம்பல்படாதீர்கள். பத்திரம் ஃபோல்டருக்கு நால்வருக்கும் எழுதும் அனுமதி. கணக்கு ஃபோல்டர் பெரியவருக்கு மட்டும், மற்றவர்களுக்கு நோ ஆக்சஸ்.

கடைசியாக சர்வீசஸ் பகுதியில் எஸ்எம்பியை (விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் முறை) இயக்கி, இரண்டு ஃபோல்டரையும் அதில் சேருங்கள். அங்கே ரீசைக்கிள் பின் என்று ஒரு டிக் இருக்கும், மறக்காமல் போடுங்கள். நெட்வொர்க் ஃபோல்டரிலிருந்து அழித்த ஃபைல் விண்டோஸின் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனால் போனதுதான். இந்த ஒரு டிக், எங்கள் டைப்பிஸ்ட் அக்காவின் வேலையை இதுவரை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பக்கத்தின் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வரும். அதிலுள்ள டிக் குறியை அழுத்தினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். "எல்லாம் செஞ்சேன், ஒண்ணுமே தெரியல" என்று போன் செய்கிறவர்களில் பாதிப்பேர் இந்த மஞ்சள் பட்டையைப் பார்க்காதவர்கள்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இணைப்பது

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பெயர், பாஸ்வேர்டு கேட்கும். ஃபோல்டர் தெரிந்ததும் அதில் ரைட் கிளிக் செய்து, மேப் நெட்வொர்க் டிரைவ், எழுத்து இசட். அடுத்த முறையும் தானாக இணைய ஒரு டிக். நால்வருக்கும் இசட் என்றே வையுங்கள். "இசட்ல போட்டிருக்கேன், எடுத்துக்கோ" என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரே இடமாக இருக்க வேண்டும்.

தெரியவில்லை, வரவில்லை, மெதுவாக இருக்கிறது

பழுது பார்க்கும்போது கீழிருந்து மேலே வாருங்கள்: ஒயர், முகவரி, பாஸ்வேர்டு, அப்புறம்தான் ஃபைல்.

கேபிள் சொருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் கேபிளையோ, எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியின் துளையையோ மாற்றிப் பாருங்கள். எரிந்தும் மெதுவாக இருந்தால் அது வேறு கதை. மஞ்சக்குப்பத்தில் ஜன்னலோர மேசையில் மட்டும் காப்பி வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. மற்ற மேசைகளில் 100 எம்பிக்குப் பக்கம் போனது. அந்த 11 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டு ஒயரும் வேண்டும். நான்குதான் வேலை செய்கிறது என்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், அதில் நொடிக்கு 12 எம்பிக்கு மேல் வராது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், எலி பதமாக நீல ஒயரை மட்டும் கடித்து வைத்திருந்தது.

விளக்கு எரிகிறது, ஆனால் நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை என்று வந்தால், கமாண்ட் திரையில் ping என்று அடித்து, இடம் விட்டு சர்வரின் எண்ணைக் கொடுத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் கம்ப்யூட்டரின் எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் அதற்கு ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. வேறு வரிசையில் இருந்தால் யாரோ ரௌட்டரை மாற்றியிருக்கிறார்கள். ஒருமுறை இன்டர்நெட் இணைப்புக்காரர் வந்து புது ரௌட்டர் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது 192.168.0 வரிசை. மறுநாள் காலை ஆபீஸ் முழுக்க "சர்வர் செத்துப் போச்சு" என்று ஒரே புலம்பல். சர்வர் பாட்டுக்கு 1.50இல் உட்கார்ந்திருந்தது. புது ரௌட்டரின் முகவரியை 192.168.1.1 என்று மாற்றியதும் எல்லாம் திரும்ப வந்தது.

பிங் வருகிறது, பாஸ்வேர்டை ஏற்கவில்லையா? விண்டோஸ் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து சர்வர் பெயரில் உள்ளதை நீக்கிவிட்டு, லாக் ஆஃப் செய்து மறுபடி வாருங்கள். ஒரே சர்வரில் இரண்டு பெயரில் நுழைய முடியாது என்று விண்டோஸ் மறுத்தாலும் இதே வைத்தியம்தான்.

வேர்டு ஃபைலை வேறொருவர் திறந்திருக்கிறார் என்று வருகிறது, ஆனால் யாரும் திறக்கவில்லை என்றால், கரன்ட் போன நேரத்தில் மிச்சமான பூட்டு அது. எல்லாரையும் வேர்டை மூடச் சொல்லிவிட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டச் செய்து, ~$ என்று தொடங்கும் குட்டி ஃபைலை அழியுங்கள்.

பழைய பத்திரங்கள் புது கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரிந்தால் சர்வரைத் திட்டாதீர்கள். அவை யூனிகோடு அல்லாத பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருவை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டால் தெளிந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பழைய ஜெராக்ஸ் மிஷின் ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்ப மறுக்கும். எஸ்எம்பி பதிப்பு 1ஐத் திறந்துவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, விண்டோஸில் அந்தப் பதிப்பு 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. ஸ்கேனைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாம், குறைந்துபோக மாட்டோம்.

கரன்ட், தண்ணீர், பேக்கப்

சர்வருக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்தால் போதாது. நெட்வொர்க் ஸ்விட்ச்சையும் அதிலேயே சொருகுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. இடுப்புயர ஷெல்ஃபில் ஏற்றுங்கள்.

பேக்கப்புக்கு ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க். ஓப்பன்மீடியாவால்ட்டில் யூஎஸ்பி பேக்கப் என்ற பிளக்இன் இருக்கிறது. டிஸ்க்கைச் சொருகியதும் தானாகக் காப்பி எடுக்கும். டிஸ்க் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும், சர்வரே போனாலும் எந்த விண்டோஸிலும் நேராகத் திறக்கலாம். காப்பி முடிந்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். சொருகியே வைத்தால் வைரஸோ இடியோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

பெரியவர் வெள்ளிக்கிழமைதோறும் பேக்கப் எடுக்கிறார். மாதம் முதல் தேதி அதிலிருந்து ஏதாவது ஒரு பத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, தினசரிக் காலண்டரில் பேனாவால் ஒரு டிக் போடுகிறார். போன மாதம் டிக் இல்லை. கேட்டால், வீட்டில் பேரன் அந்த டிஸ்க்கை எடுத்து முழுக்கப் படம் ஏற்றி வைத்திருக்கிறான். இப்போது இரண்டு டிஸ்க். ஒன்றின் மேல் "கை வைக்காதே" என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.