பழைய பிரிசிஷன் பாஸின் ஒலியை உங்கள் பாஸில் கொண்டுவருவது எப்படி?

பாஸ் கிட்டார் வாசிக்கத் தொடங்கியவர்கள் சில மாதங்களிலேயே ஒரு கேள்வியோடு வருவார்கள்: "பிக்கப்பை மாற்றினால் அந்தப் பழைய ஒலி வந்துவிடுமா?" பிக்கப் என்பது தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பாகம். பெரும்பாலும் அதை மாற்ற வேண்டியதே இல்லை. உங்களிடம் இருப்பது ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் மாடலோ அந்த வகை பாஸோ என்றால், அந்த ஒலிக்கான அமைப்பு ஏற்கெனவே உங்கள் மடியில்தான் இருக்கிறது. ஒரு திருப்புளி, ஒரு சிறிய ஸ்கேல், ஒரு செட் தந்தி, ஒரு துண்டு நுரைப்பஞ்சு, அவசரமில்லாத ஒரு மாலை, இவை போதும்.

படி 1: பிக்கப்பை உற்றுப் பாருங்கள்

கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த முதல் பிரிசிஷன் பாஸில் ஒரே ஒரு காயில்தான் (கம்பிச்சுருள்) இருந்தது. ஒவ்வொரு தந்திக்கும் நேர் கீழே ஒரு காந்தம். 1957-இல் அந்தப் பிக்கப் இரண்டு துண்டுகளானது. இ, ஏ தந்திகளுக்கு ஒரு துண்டு, டி, ஜி தந்திகளுக்கு இன்னொன்று. ஒரு தந்திக்கு இரண்டு காந்தங்கள், தந்தி அவற்றுக்கு நடுவே ஓடும். விரலால் இழுத்துவிடும்போது தந்தி ஒரு காந்தத்தை விட்டு விலகினாலும் மற்றொன்றை நெருங்குகிறது. அதனால் ஒலியின் தொடக்கக் கூர்மை மழுங்கி, நாதம் உருண்டையாக விழுகிறது.

இந்த வடிவமைப்பில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இன்னொன்று. இரண்டு காயில்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. காந்த முனைகளும் தலைகீழ். சுவரிலுள்ள மின்சாரத்தின் இரைச்சல் இரண்டிலும் ஏறி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலி மட்டும் அழியாமல் வெளியே வருகிறது. ஒவ்வொரு தந்தியையும் கேட்பது ஒரே ஒரு காயில் என்பதால், ஒற்றைக் காயிலின் தெளிவும் கைவிட்டுப் போவதில்லை.

வீட்டில் திசைகாட்டி இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு துண்டின் மேல், சற்று உயரத்தில் பிடியுங்கள். பிறகு மற்றதன் மேல். முள் எதிர்ப்பக்கம் திரும்பும். மிக அருகில் கொண்டுபோக வேண்டாம், திசைகாட்டியே கெட்டுவிடலாம்.

இ, ஏ தந்திகளின் துண்டு கழுத்துப் பக்கமும், டி, ஜி தந்திகளின் துண்டு பிரிட்ஜ் (உடலில் தந்திகளின் முனையைத் தாங்கும் பாகம்) பக்கமும் தள்ளி இருப்பதையும் கவனியுங்கள். பிரிட்ஜை நெருங்க நெருங்கத் தந்தியின் அசைவு குறுகும். அடிநாதம் மெலிந்து மேல் நாதங்கள் முன்னே வரும். தடித்த தந்திகளுக்கு உருண்டையும் மெல்லிய தந்திகளுக்குத் தெளிவும் கிடைப்பதில் இந்த இடத்துக்கும் பங்கு உண்டு.

படி 2: தந்தியை மாற்றுங்கள்

ஃபிளாட்வவுண்ட் தந்தி, அதாவது தட்டையான நாடா சுற்றிய வழவழப்பான தந்தி போடுங்கள். இந்தக் கட்டுரையில் பணம் செலவாகும் ஒரே படி இதுதான். ஒலி அதிகம் மாறுவதும் இதில்தான். அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸில் இருந்தவை இவைதாம். அவற்றை அவர் மாற்றுவதே அரிது. பழைய தந்தியைவிட விறைப்பாக இருந்தால் கழுத்து லேசாக வளையக்கூடும். ஓரிரு நாள் கழித்து ஒருமுறை சரிபாருங்கள்.

படி 3: பிக்கப்பின் உயரம்

இங்கே பொறுமை வேண்டும். எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்திருக்கிறேன். சத்தம் கூடட்டும் என்று இ தந்திப் பக்கத்தை முடிந்தவரை உயர்த்தி வைத்தேன். மேல் ஃபிரெட்டுகளில் சுதி நிற்கவே இல்லை, ஒலி அலைபாய்ந்தது. தந்தி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது போட்டேன், பயனில்லை. குற்றவாளி காந்தம். அருகில் இருக்கும் காந்தம் இரும்புத் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. அதன் இயல்பான அசைவு குலைகிறது, நாதமும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். தந்தியின் அடிப்பக்கத்துக்கும் காந்தத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, இ தந்தியில் 2.8 மில்லிமீட்டர், ஜி தந்தியில் 2 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். திருகை இறுக்கினால் பிக்கப் இறங்கும், தளர்த்தினால் ஏறும். தளர்த்தியும் ஏறவில்லை என்றால் அடியிலுள்ள நுரைப்பஞ்சு செத்துவிட்டது. புதிய துண்டு வையுங்கள்.

பிறகு காதை நம்புங்கள். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு திருகுகள் இருப்பதால், இ தந்தி முழங்கி ஏ தந்தி அமுங்கினால் அந்தத் துண்டை லேசாகச் சாய்த்துச் சமப்படுத்தலாம். மேலே சொன்ன தொடக்க அளவைவிட நான் இன்னும் சற்று இறக்கியே வைப்பேன். குறையும் சத்தத்தை ஆம்ப் ஈடுகட்டும். தந்தி மூச்சுவிடுவது ஆம்பால் தர முடியாத ஒன்று.

படி 4: மல்டிமீட்டர் சோதனை

ஒலி மெலிந்தோ வராமலோ இருந்தால் மட்டும் இது. கேபிளைப் பாஸில் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மின்தடையை அளவிடுங்கள். பழைய பாணிப் பிக்கப் என்றால் 10 கிலோஓம் அருகில் காட்டும். 250 கிலோஓம் அருகே காட்டினால் வால்யூம் குமிழின் தடையை மட்டுமே அளக்கிறீர்கள். பிக்கப்பின் கம்பியோ இணைப்போ எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டு காயில்களும் தொடராக இணைந்தவை என்பதால் ஒன்று அறுந்தாலும் நான்கு தந்திகளும் ஊமையாகும். உள்ளே இருப்பது தலைமுடியைப் போன்ற மெல்லிய செம்புக்கம்பி, ஒரு காயிலுக்கு ஏறக்குறைய 10,000 சுற்று. முதலில் பற்றவைப்புகளைப் பாருங்கள். காயிலை நீங்களே பிரிக்க வேண்டாம்.

படி 5: குமிழ், நுரைப்பஞ்சு, விரல்

டோன் குமிழை மூடும்போது மேல் அலைகள் கெப்பாசிட்டர் வழியாகத் தரைக்குப் போய்விடுகின்றன. முழுதும் மூடிவிட்டு, விரல் படும் சத்தம் கேட்கத் தொடங்கும் வரை மெல்லத் திறந்து நிறுத்துங்கள். பிரிட்ஜ் ஓரம் தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு நுரைப்பஞ்சைச் செருகுங்கள். அந்தக் காலப் பாஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள்ளேயே இது வரும். ஆட்காட்டி விரலால், பிக்கப்புக்கு நேர் மேலே வாசியுங்கள்.

தனியாகக் கேட்டால் மந்தமாக இருப்பதாகத் தோன்றும். உடனே டோனைத் திறந்துவிடாதீர்கள். ஒரு டிரம்ஸ் ட்ராக்கை ஓடவிட்டு, அதே அமைப்பில் பத்து நிமிடம் வாசித்த பிறகு குமிழைத் தொடுங்கள்.