ஆயில் மாற்ற கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் போதாது
பைக்கில் ஆயில் மாற்றியதும் கிலோமீட்டரோடு தேதியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டிவையுங்கள். மேனுவலில் சொன்ன தூரம், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். கடைத்தெருவுக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டும் போய்வரும் வண்டியில் எஞ்சின் சரியாகச் சூடேறாது. அதனால் உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கும். நிறம் கறுத்துவிட்டதே என்று மட்டும் மாற்ற வேண்டாம். அழுக்கைப் பிடித்துவைப்பதும் ஆயிலின் வேலைதான், கறுக்கத்தான் செய்யும்.

ஆயிலை வடிகட்டும் பேப்பர் ஃபில்டர் இருந்தால் அதை மாற்றிய தேதியையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். சில 100 சிசி பைக்குகளில் கம்பி வலை மட்டுமே இருக்கும், கழுவினால் போதும்.

வெள்ளத்தில் ஓட்டிய பிறகு ஆயில் பால் காபி மாதிரி வெளுத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தண்ணீர் இறங்கியிருக்கிறது, மேற்கொண்டு ஓட்டாமல் உடனே மாற்றுங்கள்.