தோல் தபால் கார்டு கிடைத்தால்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தபால் கார்டுகளைக் கட்டாக வாங்குகிறவர்களுக்கு, அபூர்வமாக நடுவே ஒரு தோல் கார்டும் அகப்படலாம். உடனே எண்ணெய்த் துணியைத் தேடாதீர்கள். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். அதன் வயது அங்கேதான் இருக்கிறது.

இவை பெரும்பாலும் 1900-களின் முதல் பத்தாண்டில் அமெரிக்காவில் மான் தோலில் செய்தவை. அளவு சுமார் மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே என்றிருந்தால் அது 1907-க்கு முந்தைய வடிவம். அந்த ஆண்டு மார்ச் 1 முதல்தான் இடப்பாதியில் செய்தி எழுத அங்கே அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு தோல் கார்டைத் தபாலில் அனுப்பத் தடையும் வந்தது; முத்திரை குத்தும் இயந்திரத்தில் தோல் சிக்கிக்கொண்டதே காரணம். நினைவுப் பொருளாக அதன் பிறகும் விற்றார்கள். அதனால் தபால் முத்திரை இருந்தால் அதன் தேதியையே நம்புங்கள்.

கார்டில் உள்ள படம் தோலில் சூடு வைத்து வரைந்ததா, வெறும் மையா என்று அறிய, அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கார்டின் ஓரத்தில் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சூடு வைத்து வரைந்த கோடு பள்ளமாக நிழல் காட்டும். அதன் கரை காப்பி நிறத்தில் கருகியிருக்கும். வெறும் மைக்கு அந்தப் பள்ளம் இருக்காது. ஓரமெங்கும் வரிசையாகத் துளைகள் இருந்தால் அதைச் சேதம் என்று நினைக்க வேண்டாம். பல கார்டுகளைச் சேர்த்துத் தைத்துத் தலையணை உறை ஆக்கிய காலம் அது. துளைகளை அடைக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் இரண்டுமே கூடாது. தோல் கறுக்கும், மை பரவும், பிசுக்கில் தூசி ஒட்டும். ஈரத்துணி கறையாக்கும். வெயிலில் வைத்தால் சுருண்டு விறைக்கும். அதை அழுத்தி நிமிர்த்தினால் கருகிய கோடுகளிலேயே வெடிக்கும், ஏனென்றால் அங்கேதான் தோல் நொறுங்கும் பதத்தில் இருக்கிறது. விரலில் செம்பொடி ஒட்டினால் அது தூசியல்ல, அமிலத்தால் தோலே உதிர்வது. துடைப்பதை நிறுத்திவிட்டு, ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அமிலமற்ற தாளிலோ, கஞ்சி போடாமல் துவைத்த பருத்தித் துணியிலோ சுற்றி, அட்டைப் பெட்டியில் படுக்கவைத்தால் போதும். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியை வெளிச்சுவர் ஓரத்திலோ தரையிலோ வைக்காதீர்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமும் சின்ன ஈரப்பதமானியும் வைத்து, 45 முதல் 55 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். மிகவும் உலர்ந்தாலும் தோல் விறைக்கும்.

வெண்பூஞ்சை பூத்துவிட்டால் அந்தக் கார்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் நன்றாக உலரவிடுங்கள். பிறகு முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூஞ்சை தோலின் துளைகளுக்குள் இறங்கிவிடும்.